மழை ஓய்வதுபோல: ஓய்வுநாளின் உட்பொருள்

"மழை ஓய்ந்துவிட்டது" என்கிறோம். மழைக்குக் களைப்பு வந்துவிட்டது என்றா அதற்கு அர்த்தம்? பெய்தது, நின்றுவிட்டது, அவ்வளவுதான். பேச்சு ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்னும்போதும் அப்படித்தான். "ஆள் ஓய்ந்துபோனான்" என்றால் மட்டும் களைப்பு வந்துவிடுகிறது. ஒரே வினைக்கு இரண்டு முகம். கிறிஸ்தவர்களின் தமிழ் வேதாகமம் 'ஓய்வுநாள்' என்று சொல்லும்போது நம் காதில் இரண்டாவது முகம்தான் விழுகிறது. ஆறு நாள் உழைத்த களைப்பு தீர ஒரு நாள் படுத்து எழுவது, திங்கட்கிழமைக்குத் தெம்பு சேர்த்துக்கொள்வது. கைப்பேசிக்கு சார்ஜ் போடுவதுபோல.

எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் மழையின் பக்கம் நிற்கிறது. 'ஷாவத்' என்றால் நிறுத்து, விட்டுவிடு. பெருவெள்ளத்துக்குப் பின் நோவாவுக்குக் கடவுள் கொடுக்கும் வாக்கில், பகலும் இரவும் ஒழியாது என்று வருகிறதே, அங்கே இருப்பது இதே வினை. யோசுவாவின் காலத்தில், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்துவந்த உணவான மன்னா விழுவது நின்றுபோனதைச் சொல்லவும் இதே வினைதான். இன்றைய இஸ்ரேலில் வேலைநிறுத்தத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஷ்வீதா'. யூதர்கள் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஆசரிக்கும் ஓய்வுநாளின் எபிரெயப் பெயரான 'ஷபாத்' பிறந்த அதே வேரில் பிறந்த சொல். ஓய்வுநாளுக்கு ஸ்டிரைக் நெருங்கிய சொந்தம், மத்தியானத் தூக்கம் தூரத்துச் சொந்தம்.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும் கதையிலும் களைப்புக்கு இடமில்லை. ஆறு நாளில் வானமும் பூமியும் உண்டாக்கி ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் என்கிறது அது. அவர் களைத்தா போனார்? ஏசாயா 40ஆம் அதிகாரம் அவர் சோர்வதுமில்லை, இளைப்பதுமில்லை என்று அடித்துச் சொல்கிறது. குர்ஆனின் 50ஆம் அத்தியாயமும், ஆறு நாள் படைப்பைச் சொன்ன கையோடு, எந்தக் களைப்பும் நம்மைத் தீண்டவில்லை என்கிறது. இன்னும் செய்யலாம், செய்ய வல்லமையும் உண்டு, ஆனாலும் "இது போதும்" என்று கையை எடுத்துக்கொண்டார் என்பதுதான் கதை. யாத்திராகமம் 31இல் ஓய்ந்திருந்தார் என்பதோடு 'பூரித்தார்' என்று ஒரு சொல்லையும் தமிழ் வேதாகமம் சேர்க்கிறது. எபிரெயத்தில் அந்த இடத்தில் உள்ள வினை உயிர், மூச்சு என்ற பொருளுள்ள 'நெஃபெஷ்' என்பதிலிருந்து வருவது. மூச்சு விட்டார் என்றே சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வேதாகமத்தில் முதன்முதலாகப் பரிசுத்தம் என்று சொல்லப்படுவது மலையோ ஆறோ ஆலயமோ இல்லை, ஒரு நாள். தலம், தீர்த்தம், மூர்த்தி என்று இடத்தை வைத்தே புனிதத்தை எண்ணிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். நாளுக்கு மதில் கிடையாது, இடிக்க முடியாது. எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் தரைமட்டமாக்கினார்கள். பலி நின்றது, ஆசாரியர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த வாரமும் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தபோது ஓய்வுநாள் வந்தது.

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. மற்றக் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஓய்வுநாள் கட்டளை மட்டும் காரணத்தையே மாற்றிக்கொள்கிறது. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளை ஆசரிக்க 'நினைப்பாயாக' என்று தொடங்கி, கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்ற காரணத்தைத் தருகிறது. உபாகமம் 5இல் 'ஆசரிப்பாயாக' என்று தொடங்குகிறது. அங்கே படைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன்னை அங்கிருந்து கொண்டுவந்தேன், ஆகவே இந்த நாளை ஆசரி என்கிறது. ஒரே கட்டளையின் ஒரு கால் உலகம் உண்டான நாளிலும் இன்னொரு கால் எகிப்தின் செங்கல் சூளையிலும் நிற்கிறது. யூத வீடுகளில் வெள்ளி மாலை இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு, நினை என்பதற்கு ஒன்று, ஆசரி என்பதற்கு ஒன்று என்று விளக்கம் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் உபாகமத்தின் காரணம்தான் கனமானது. எகிப்தில் நடந்ததைப் பாருங்கள். அடிமைப்பட்ட இஸ்ரவேலர் சார்பில் மோசேயும் ஆரோனும் எகிப்து மன்னன் பார்வோனிடம் போய், மூன்று நாள் வனாந்தரத்துக்குப் போய்க் கும்பிட்டு வர விடுங்கள் என்று கேட்கிறார்கள். பார்வோனுக்குக் கோபம் வருகிறது. சுமை சுமக்கிறவர்களை ஓயச் செய்கிறீர்களே என்கிறான். அவன் வாயில் வருவதும் அந்த ஷாவத்தின் வடிவம்தான். உடனே உத்தரவு போடுகிறான்: இனிமேல் வைக்கோல் கிடையாது, அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. முறையிட வந்தவர்களுக்குக் கிடைத்த பதில், நீங்கள் சோம்பேறிகள். வேலை வாங்குகிறவனிடம் லீவு கேட்டுப் பார்த்த எவருக்கும் இந்த வசனம் புதிதாக இருக்காது.

அந்தச் சூளையிலிருந்து வெளியே வந்த ஜனத்துக்கு, சீனாய் மலைக்குப் போய்க் கட்டளை வாங்குவதற்கு முன்பே, சோற்றில் பாடம் தொடங்குகிறது. வனாந்தரத்தில் காலைதோறும் மன்னா விழுகிறது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு பொறுக்கவேண்டும். ஆசைப்பட்டு நாளைக்கும் சேர்த்து எடுத்து வைத்தவன் பாத்திரத்தில் மறுநாள் புழு நெளிந்தது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்தது. அன்று எடுத்து வைத்தது கெடவில்லை. ஏழாம் நாள் வெளியே போய்த் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்கு, ஒரு நாள் கை ஓடாவிட்டால் வயிறு காயும் என்ற பயம் எலும்புவரை ஊறியிருக்கும். அந்தப் பயத்தைக் கழற்றவே நாற்பது வருடம் வாராவாரம் இந்தப் பயிற்சி. ஓய்வுநாள் விருந்தில் இன்றும் இரண்டு ரொட்டிகளை வைத்துத் துணியால் மூடுகிறார்களே, அது அந்த இரண்டு மடங்கு மன்னாவுக்காகத்தான்.

கட்டளையில் வரும் பட்டியலையும் படிக்கவேண்டும். நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். நீ இளைப்பாறுவதுபோல அவர்களும் இளைப்பாறவேண்டும் என்று உபாகமம் தனியாகவும் சொல்கிறது. முதலாளி மட்டும் சாய்வு நாற்காலியில் உட்கார, வேலைக்காரி காபி கொண்டுவந்தால் கட்டளை அங்கேயே உடைந்துவிட்டது. பழைய உலகத்தில் ஓய்வு என்பது பெரிய மனிதர்களின் சொத்து. அடிமைக்கும் மாட்டுக்கும் அதில் சம பங்கு என்று எழுதிவைத்ததை ரோமர்களால் சீரணிக்க முடியவில்லை. யூதர்கள் ஆயுளில் ஏழில் ஒரு பங்கைச் சோம்பலில் தொலைக்கிறார்கள் என்று தத்துவஞானி செனெகா குறைப்பட்டதாகக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். பார்வோன் சொன்னது போலவே இல்லை?

அந்தப் பட்டியலில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறாள், கவனித்தீர்களா? மனைவி. 'நீ' என்ற சொல் கணவன் மனைவி இருவரையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்வதுண்டு. விளக்கம் சரிதான். ஆனால் நான் வளர்ந்த கிறிஸ்தவ வீட்டில் விளக்கம் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், ஊசியில் நூல் கோக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது என்று தாத்தா கண்டிப்பாக இருப்பார். கோயிலுக்குப் போய் வந்ததும் ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், ரசம் எல்லாம் இருக்கவேண்டும். அம்மா விடியுமுன் எழுந்து மசாலா அரைத்து முடித்துவிட்டு ஆராதனைக்கு வருவாள், திரும்பியதும் அடுப்படிக்குப் போவாள். வாரத்தின் ஏழு நாளில் அவளுக்குக் கனமான நாள் ஓய்வுநாள்தான். சாப்பிட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குவோம்.

சரி, வேலை செய்யாதே என்கிறது கட்டளை. எது வேலை? யூத மத ஆசான்களான ரபீக்கள் இதை விளையாட்டாக விடவில்லை. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட அவர்களின் சட்ட நூலான மிஷ்னா, நாற்பதுக்கு ஒன்று குறைவாக, அதாவது 39 வகை வேலைகளைப் பட்டியல் போடுகிறது. உழுதல், விதைத்தல், அறுத்தல், மாவு பிசைதல், நெருப்பு மூட்டுதல், அணைத்தல், முடிச்சுப் போடுதல், முடிச்சவிழ்த்தல், இரண்டு எழுத்து எழுதுதல், இரண்டு எழுத்து எழுதுவதற்காக அழித்தல், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமத்தல் என்று போகும். இவை எங்கிருந்து வந்தன? வனாந்தரத்தில் ஆசரிப்புக்கூடாரம் கட்டத் தேவைப்பட்ட வேலைகளே இவை என்பது, மிஷ்னாவுக்கு எழுந்த பெரிய உரைத்தொகுப்பான தல்மூதின் விளக்கம். யாத்திராகமத்தில் கூடாரம் கட்டும் கட்டளையும் ஓய்வுநாள் கட்டளையும் அடுத்தடுத்து வருவதை வைத்து, கடவுளுக்கு வீடு கட்டும் வேலையைக்கூட அன்று நிறுத்து என்று அவர்கள் படித்தார்கள்.

இதில் வியர்வைக்குக் கணக்கில்லை என்பதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் கனமான மேசையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்துவது இந்த 39இல் வராது. ஒரு தீக்குச்சியைக் கிழிப்பது வரும். உடம்பு நோகிறதா என்பது அளவுகோலாக இருந்திருந்தால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்? ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது, இல்லாததை உண்டாக்குவது, உலகத்தின்மேல் கைவைத்து என் விருப்பப்படி வளைப்பது, இதைத்தான் 'மெலாகா' என்கிறார்கள். ஆதியாகமத்தில் கடவுள் நிறுத்திய வேலைக்கும் அதே சொல்தான். ஆறு நாள் மனிதன் உலகத்தைத் திருத்தலாம். ஏழாம் நாள் உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே விடவேண்டும். பறிக்காமல் பூவைப் பார்க்கவேண்டும். மின்சாரம் வந்த பிறகு சுவிட்ச் போடலாமா என்ற விவாதம் வந்ததும், எல்லா மாடியிலும் தானாக நின்று போகும் ஓய்வுநாள் லிப்ட் வந்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கலாம். ஒரு நாள் முழுக்க எதையும் அமுக்காமல், எதையும் திருத்தாமல் இருந்து பார்த்தால் சிரிப்பு குறையும்.

எல்லா வேலையையும் முடித்துவிட்டு ஓயலாம் என்று நினைப்பவருக்கு நம் ஊரில் ஒரு பழமொழி இருக்கிறது: அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? இதே சிக்கலை யாத்திராகமத்துக்கு எழுந்த பழைய ரபீக்களின் உரை ஒன்று எடுத்துப் பேசுகிறது. ஆறு நாளில் உன் வேலையெல்லாம் செய்து முடி என்கிறதே கட்டளை, எந்த மனிதனால் ஆறு நாளில் எல்லா வேலையையும் முடிக்க முடியும் என்று கேட்கிறது. அதன் பதில்: எல்லாம் முடிந்துவிட்டதுபோல் எண்ணி ஓய்ந்திரு. வரவேண்டிய பணம் வரவில்லை, பாதிச் சுவர் எழும்பி நிற்கிறது, மகளுக்கு வரன் அமையவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதும் அவை எல்லாம் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளவேண்டும். நான் இல்லாமலும் உலகம் ஒரு நாள் ஓடும் என்பதை ஒத்துக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி.

தடைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி உண்மைதான். ஓய்வுநாளை 'மனமகிழ்ச்சியின் நாள்' என்று அழைக்கச் சொல்கிறது ஏசாயா 58. யூத மரபில் அன்று உபவாசம் இருக்கக்கூடாது, பெரிய பாவநிவாரண நாள் அதே தேதியில் வந்தால் ஒழிய. துக்கம் காப்பவர்கூட வெளிப்படையாகத் துக்கம் காட்டக்கூடாது. வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவது பொது வழக்கம். எருசலேமில் 40 நிமிடம் முன்பே ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். நீதிமொழிகள் 31இல் இருக்கும் குணசாலியான பெண்ணைப் பற்றிய பாட்டை வீட்டுக்காரிக்குப் பாடுவார்கள். பட்டியலில் விட்டுப்போனவளுக்கு இங்கே ஒரு பாட்டாவது கிடைக்கிறது! அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் முதல் நாளே இறைச்சியும் பயறும் போட்டுச் சிறுதீயில் இரவெல்லாம் வேகவிட்ட 'சோலந்த்' மறுநாள் மத்தியானம் சூடாக இருக்கும். கலிலேயாவின் சஃபெத் ஊரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானிகள், வெள்ளி மாலையில் ஊருக்கு வெளியே வயலுக்குப் போய், மணப்பெண்ணை எதிர்கொள்வதுபோல ஓய்வுநாளை எதிர்கொண்டு அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான சலோமோ அல்கபெஸ் எழுதிய வரவேற்புப் பாடல் இன்றும் உலகம் முழுக்க ஜெப ஆலயங்களில் பாடப்படுகிறது.

தல்மூத் சொல்லும் ஒரு கதையும் இங்கே பொருந்தும். வெள்ளி இரவு ஜெப ஆலயத்திலிருந்து வீடு திரும்புகிறவனோடு இரண்டு தூதர்கள் வருவார்களாம், நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர். வீட்டில் விளக்கு எரிந்து, மேசை விரித்து, படுக்கை ஒழுங்காக இருந்தால் நல்ல தூதர், அடுத்த ஓய்வுநாளும் இப்படியே இருக்கட்டும் என்பார். கெட்டவர் மனமில்லாமல் ஆமென் சொல்லவேண்டும். வீடு அலங்கோலமாக இருந்தால் வசனம் மாறும்: கெட்டவர் வாழ்த்த, நல்லவர் ஆமென் சொல்வார். வெள்ளிக்கிழமை பகலில் வீடு எவ்வளவு பரபரப்பாக இருக்கும் என்று இதிலிருந்தே தெரிகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்தப் பகலுக்கு 'ஆயத்தநாள்' என்று பெயர்.

இவ்வளவு கண்டிப்பான நாளுக்கு ஒரு பெரிய கதவும் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் யூதர்களை ஆண்ட அந்தியோகுஸ் மன்னன் யூதச் சட்டத்தையே தடைசெய்தபோது, குகைகளில் ஒளிந்திருந்தவர்களை ஓய்வுநாளில் படை தாக்கியது. அவர்கள் கல்லைக்கூட எடுத்து எறியவில்லை. ஆயிரம் பேர் அளவில் செத்தார்கள் என்கிறது மக்கபேயர் முதல் நூல். (கத்தோலிக்க வேதாகமத்தில் இந்த நூல் இருக்கும், புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் தேடினால் கிடைக்காது.) மன்னனை எதிர்த்து எழுந்த மத்தத்தியாவும் அவர் கூட்டமும் உட்கார்ந்து யோசித்து, தாக்க வந்தால் அன்றும் எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்தார்கள். பிற்கால ரபீக்கள் இதை விரித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறுவது அனுமதி மட்டுமல்ல, கடமை. அவன் பல ஓய்வுநாள்களை ஆசரிக்கும்படி ஓர் ஓய்வுநாளை அவனுக்காக மீறு என்கிறது தல்மூத். ஓய்வுநாள் உங்கள் கையில் கொடுக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் கொடுக்கப்படவில்லை என்று ஒரு ரபீயின் வாக்கும் அங்கே உண்டு.

இதைப் படித்துவிட்டு, "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற இயேசுவின் சொல்லுக்குத் திரும்பினால், அது யூத மரபுக்கு வெளியே நின்று எறிந்த கல்லாகத் தெரியாது. வீட்டுக்குள் நடந்த விவாதமாகத் தெரியும். இயேசு ஓய்வுநாளை ஒழிக்க வந்தார் என்று பிரசங்கங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். லூக்கா 4, தம் வழக்கத்தின்படியே அவர் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்கிறது.

லூக்கா 13இல் வரும் கூனியின் கதைதான் இந்த விவாதத்தின் உள்ளே நம்மைக் கொண்டுபோகிறது. பதினெட்டு வருடமாக நிமிர முடியாத பெண். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் இயேசு அவளைக் கூப்பிட்டு நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாள்களில் வந்து குணமாகுங்கள் என்கிறார். நியாயமாகப் பார்த்தால் அவர் வாதத்தில் ஓட்டை இல்லை. உயிருக்கு உடனே ஆபத்தில்லை, பதினெட்டு வருடம் பொறுத்தவள் சூரியன் மறையும்வரை பொறுக்கமாட்டாளா? இயேசுவின் பதில் மாட்டுத் தொழுவத்திலிருந்து வருகிறது. உங்களில் எவன் ஓய்வுநாளில் எருதையோ கழுதையையோ அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறான்? கட்டப்பட்டிருந்த ஆபிரகாமின் மகளை இந்த நாளில் அவிழ்க்கக்கூடாதா? முடிச்சவிழ்ப்பது மிஷ்னாவின் 39இல் ஒன்று என்று மேலே பார்த்தோம். எருதும் கழுதையும் உபாகமப் பட்டியலில் பேர் சொல்லி நிற்பவை. இது ஓய்வுநாளாக இருந்தும் குணமாக்கினார் என்று படிப்பதைவிட, எகிப்திலிருந்து அவிழ்த்துவிட்டதை நினைக்கும் நாள் என்பதாலேயே குணமாக்கினார் என்று படிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிறகு கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எப்படி வந்தார்கள் என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொன்னால், இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று வாரத்தின் முதல் நாளில் கூடும் பழக்கம் இரண்டாம் நூற்றாண்டிலேயே உறுதியாக இருக்கிறது. அதை ஓய்வு நாளாக அரசாங்கம் அறிவித்தது 321இல், கான்ஸ்டண்டைன் பேரரசன் காலத்தில். நகரத்து மக்கள் ஓயவேண்டும், நீதிமன்றங்களும் தொழிற்கூடங்களும் மூடவேண்டும் என்ற அந்தச் சட்டம், பயிர் கெடும் என்று விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது. எருதும் கழுதையும் மறுபடி நுகத்துக்குப் போயின. எத்தியோப்பியத் திருச்சபை மட்டும் இரண்டு நாளையும் விடவில்லை. 1450இல் ஸாரா யாக்கோபு மன்னன் கூட்டிய சங்கத்தில் சனி, ஞாயிறு இரண்டும் புனிதம் என்று உறுதியானது.

ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுல், கொலோசெயருக்கு எழுதும்போது ஓய்வுநாளை வருங்காரியங்களின் நிழல் என்றார், ரோமருக்கு எழுதும்போது அவனவன் தன் மனதில் நிச்சயப்படட்டும் என்றார். எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரம் இன்னும் வரவிருக்கும் ஓர் இளைப்பாறுதலைப் பேசுகிறது. சனிக்கிழமையை வலியுறுத்துகிறவர்களும் விட்டவர்களும் இதே வசனங்களைத்தான் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

அந்த வாதம் நம் தென்கோடிக்கும் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர் ஆங்கிலிக்கன் மிஷனரிகளோடு முரண்பட்டுத் தனிச் சபை தொடங்கினார். ஞாயிறு ஐரோப்பியர்களின் வழக்கம், வேதம் சொல்வது சனிக்கிழமை என்று சனிக்கிழமை ஆராதனை நடத்தினார். சாம்பிராணி, சாஷ்டாங்க நமஸ்காரம், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 1863இல் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் மிஷனரிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்தபோது, தாங்கள் வந்து சொல்லிக்கொடுக்கும் முன்பே சனிக்கிழமையை ஆசரித்துக்கொண்டிருந்த தமிழர்களைச் சந்தித்தார்கள். எந்த நாள் என்ற சண்டைக்குள் எவன் சொல்வதைக் கேட்பது என்ற கேள்வி ஒளிந்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பார்வோனைக் கேட்கமாட்டேன் என்று தொடங்கிய நாள் அல்லவா அது.

இன்னும் பழைய சாட்சி மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் இருக்கிறது. அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் எபிரெய மொழியை மறந்தார்கள், வேத நூல் கையில் இல்லை, மற்ற யூதர்களோடு தொடர்பும் அற்றுப்போனது. செக்காட்டி எண்ணெய் எடுப்பது அன்று அவர்கள் தொழிலாக இருந்தது. சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர். யூதர் என்ற பெயர்கூட ஊராருக்குத் தெரியாத இடத்தில், எதைச் செய்யவில்லையோ அதை வைத்து அடையாளம் காணப்பட்டார்கள். ஓய்வுநாள் எனக்கும் உங்களுக்கும் நடுவே அடையாளம் என்று யாத்திராகமம் 31இல் வருவதை இவ்வளவு நேரடியாக வாழ்ந்து காட்டியவர்கள் குறைவு. அந்தச் செக்குமாடும் வாரத்தில் ஒரு நாள் சுற்றாமல் நின்றிருக்கும்.

ஓய்வுநாளை உடம்பால் ஆசரித்து மனதால் மீறுவதும் பழைய கலைதான். ஆமோஸ் தீர்க்கதரிசி தம் காலத்துத் தானிய வியாபாரிகளைப் படம் பிடிக்கிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், கோதுமை விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கலாம், எடைக்கல்லைப் பெரிதாக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கடை மூடித்தான் இருக்கிறது, மனம் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது பையிலிருக்கும் கைப்பேசி அதிர்ந்தால் நம் மனமும் அதே கல்லாவுக்குத்தான் ஓடுகிறது. யூதேயாவின் ஆளுநராக இருந்த நெகேமியாவின் காலத்தில் வழி வேறு. அவர் ஓய்வுநாளில் எருசலேமின் கதவுகளையே மூட வைத்தார். மதிலுக்கு வெளியே ராத்தங்கிய வியாபாரிகளைப் பார்த்து, இன்னொரு தடவை வந்தால் கைபோடுவேன் என்று மிரட்டினார்.

நிலத்துக்கும் ஓய்வு உண்டு. லேவியராகமம் 25 ஏழாம் வருடம் நிலத்தைத் தரிசாக விடச் சொல்கிறது. அந்த வருடம் தானாக விளைந்ததில் வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் காட்டு மிருகத்துக்கும்கூடப் பங்கு. உபாகமம் 15 ஏழாம் வருடக் கடைசியில் கடனை விட்டுவிடச் சொல்கிறது. ஜனம் அந்த வருடங்களைக் கொடுக்காமல் விட்டதால், பாபிலோனுக்குச் சிறைபோன எழுபது வருடத்தில் நிலம் தனக்குச் சேரவேண்டிய ஓய்வையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டது என்கிறது நாளாகமம் இரண்டாம் புத்தகம். கடன்காரன் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்வதுபோல.

சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் யூத வீடுகளில் 'ஹவ்தலா' என்ற சிறு சடங்கு நடக்கும். ஒரு கிண்ணம் திராட்சரசம், பின்னல்போல முறுக்கிய ஒரு மெழுகுவர்த்தி, கிராம்பு, பட்டை போன்ற வாசனைப் பொருள் வைத்த சிறு பெட்டி. ஓய்வுநாளில் மனிதனுக்குக் கூடுதலாக ஓர் ஆத்துமா வந்து தங்குவதாகவும், நாள் முடியும்போது அது போய்விடுவதாகவும் தல்மூதில் ஒரு நம்பிக்கை உண்டு. அது போன சோர்வில் மனம் தளராமல் இருக்கத்தான் வாசனையை முகர்கிறோம் என்பார்கள். மெழுகுவர்த்திக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். முதல் ஓய்வுநாள் முடிந்து இருட்டியபோது ஆதாம் கடவுள் கொடுத்த புத்தியால் இரண்டு கற்களை உரசினான், உலகத்தின் முதல் நெருப்பு அப்போதுதான் பிறந்தது. ஒரு நாள் முழுக்கத் தொடாத தீயை முதல் வேலையாக ஏற்றி, அதன் வெளிச்சத்தில் விரல் நகங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். திரியைத் திராட்சரசத்தில் முக்கி அணைத்து, "நல்ல வாரம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வாசனைப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்ததும், நேற்று மாலையிலிருந்து குவிந்து கிடக்கும் பாத்திரங்களைக் கழுவ யாராவது ஒருவர் எழுந்து போவார்.